குரல் மட்டும் என்னுடையது

கொழும்பு
14-6-1959

மச்சான் சோலையப்பன் அவர்களுக்கு வெள்ளைச்சாமி எழுதுவது.

இதைத் தபாலில் போடவில்லை. போட்மெயிலில், கப்பலும் ரயிலுமாக ஊருக்கு வரும் அடைக்கலத்தின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஏன் என்று படித்தால் தெரியும். அழகிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். உங்கள் தங்கை பயந்த சுபாவம், சோறு தண்ணீர் இறங்காது.

போன செவ்வாய்க்கிழமை கடைக்குப் போலீஸ் வந்தது. சரக்கைப் புரட்டவில்லை, கல்லாவைத் தொடவில்லை. டெலிபோனைக் காட்டி, இது உன்னுடையதுதானே என்றார்கள். ஆமாம் என்றேன். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் ஆள் இறக்குவதற்கு நான் உடந்தையாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஜாமீனில் விட்டிருக்கிறார்கள்.

என்ன சாட்சி என்று கேட்டேன். டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார்கள். மச்சான், நீங்களும் நானும் டிரங்க் காலில் பேசியது அப்படியே இங்கிலீஷில் இருக்கிறது! "சோலையப்பன்: என் தம்பி வெள்ளிக்கிழமை மணமேல்குடியில் தோணி ஏறுகிறான். மன்னார்ப் பக்கம் இறங்குவான். போய்க் கூட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளைச்சாமி: சரி, நானே போகிறேன்." அவ்வளவுதான் தாளில்.

அது உங்கள் பேச்சும் அல்ல, என் பேச்சும் அல்ல. உங்கள் பக்கத்தில் காத்தாயி நின்று சொல்லச் சொல்ல நீங்கள் கத்தினீர்கள். என் பக்கத்தில் அவள் புருஷன் ஐயனார் நின்றான். அவன் சொன்னதை நான் கத்தினேன். தோணியில் வந்தது அவள் தம்பி. போய்க் கூட்டி வந்தது ஐயனார். "என் மச்சானுக்குத் தம்பியே கிடையாது" என்று அந்த அதிகாரியிடம் சொன்னேன். "உங்கள் ஆட்களுக்கு ஊரில் எல்லோரும் தம்பிதானே" என்று சிரித்தான்.

அவர்கள் பெயரை நான் சொல்லவில்லை. ஐயனாரும் போன மாசியில் தாள் இல்லாமல் வந்தவன். சொன்னால் மறுநாளே கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் நான் எத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது? ஓட்டை உங்கள் பக்கம்தான் இருக்கிறது. எங்கே என்று பார்த்து எழுதுங்கள்.

வெள்ளைச்சாமி


கீரமங்கலம்
27-6-1959

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்ததும் காறல் பிடித்த கடலையைக் கடித்த மாதிரி ஆகிவிட்டது. துப்பிப் பார்த்தேன், போகவில்லை.

டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். ஆபரேட்டர் செல்லமுத்து நம் கடைக்கு வந்து போகிறவன்தான். என்னைப் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது.

"என்னத்தச் சொல்லண்ணே? இன்ஸ்பெக்டரு வந்து, ஒங்க நம்பர்லேருந்து கொழும்புக்குப் போற காலையெல்லாம் கேட்டு எழுதுன்னாரு."

"உத்தரவு எதுவும் காட்டினாரா?"

"வாய்ச்சொல்லுதாண்ணே. அந்த ஊருப் போலீசு நம்ம போலீசக் கேட்டுக்கிச்சாம். ரெண்டும் சிநேகமான நாடு, இதுக்கெல்லாம் தாள் எதுக்குன்னாரு."

"நீயும் எழுதிட்டே?"

"எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லண்ணே."

சித்திரையிலிருந்து எழுதியிருக்கிறான், மாப்பிள்ளை. சுற்று வட்டாரத்தில் என் மண்டியில் மட்டும்தான் டெலிபோன். கொழும்பில் ஆள் இருக்கிற வீடெல்லாம் இங்கேதான் வருகிறது. ஆண்பிள்ளைகள் தாங்களே பேசிவிடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கருப்புக் கொம்பைக் கண்டாலே கூச்சம். "நீங்களே சொல்லிருங்கண்ணே" என்று தள்ளி நிற்பார்கள். லைனோ கடலிரைச்சல். களத்துமேட்டில் கூவுகிற என் தொண்டைதான் அங்கே எட்டும். அவள் "என் தம்பி" என்றால் நானும் "என் தம்பி" என்றுதான் கத்துவேன். இன்னார் சொல்கிறாள், இன்னாருடைய தம்பி என்று விரித்துக்கொண்டிருந்தால் ஒரு காலுக்குக் கிடைக்கிற மூன்று நிமிஷமும் அதிலேயே ஓடிவிடும். இத்தனை வருஷமாக இப்படித்தான் செய்கிறோம். இதில் ஒரு பொல்லாப்பு வரும் என்று யார் கண்டது?

மாமியார் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், பெண் பார்க்க வந்தவன் பல் எடுப்பு, எல்லாம் அவன் நோட்டில் இருக்கிறது. காத்தாயி அன்றைக்குத் தம்பியைப் பற்றி மட்டுமா சொன்னாள்? உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் சொன்னது இது: "எனக்கு மறுபடியும் கலைஞ்சு போச்சு. நாலாம் மாசம். மாமியாருக்குத் தெரியாது. ஒடம்பு இன்னும் தேறல." சுவரைப் பார்த்துக்கொண்டு நான்தான் அதைக் கத்தினேன். செல்லமுத்து அதையும் எழுதியிருக்கிறான். இன்ஸ்பெக்டர் நீலப் பென்சிலால் அதை அடித்துவிட்டு, தோணி வரிகளை மட்டும் டைப் அடிக்கச் சொல்லியிருக்கிறார். அடிப்பதற்கு முன்னால் படித்திருக்கிறார்தானே?

நான் கந்தர்வக்கோட்டையில் முந்திரி மூட்டை தூக்கித் தலையெடுத்தவன். இன்றைக்கும் சரக்கை மாதிரி பார்க்க ஒரு மூட்டையில் குத்தூசி போடுவதற்கு முன்னால் மூட்டைக்காரனைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். இவர்கள் கேட்காமல் குத்துகிறார்கள், உள்ளேயிருந்து வந்ததை முகர்ந்தும் பார்க்கிறார்கள். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவள் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது. இனியும் கடிதம் ஆள் கையிலேயே வரட்டும். மற்றதை நான் பார்க்கிறேன்.

சோலையப்பன்


கொழும்பு
9-7-1959

மச்சான் அவர்களுக்கு,

"மற்றதை நான் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்ப்பீர்கள்?

என் வக்கீலிடம், இங்கே புரொக்டர் என்பார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். உத்தரவே இல்லாமல் ஒட்டுக்கேட்டது இந்தியச் சட்டப்படி தப்பாக இருக்காதா என்று கேட்டேன். "இருக்கலாம்" என்றார். "ஆனால் எப்படிக் கேட்டார்கள் என்பது இந்தக் கோர்ட்டுக்குக் கவலை இல்லை. திருடிக் கொண்டுவந்த சாட்சியானாலும் வழக்குக்குப் பொருந்தினால் எடுத்துக்கொள்வார்கள். தப்பு அங்கே நடந்தது, அங்கேயே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்."

இனிமேல்தான் விஷயம். வெறும் தாள் போதாது என்று செல்லமுத்துவையே சாட்சி சொல்ல போட்மெயிலில் கூட்டி வருகிறார்கள். அவன் கூண்டில் ஏறினால் எங்கள் பக்கமும் அவனைக் கேள்வி கேட்கலாம். "அந்தக் காலில் வேறு என்ன பேசினார்கள்?" என்று புரொக்டர் கேட்டால் சத்தியம் செய்தவன் சொல்லித்தான் ஆகவேண்டும். கரு கலைந்த பேச்சு வந்த உடனேயே அது ஒரு பெண்ணின் பேச்சு, நீங்கள் வெறும் குரல் என்று மாஜிஸ்திரேட்டுக்குப் புரிந்துவிடும். இதைக் கேட்டதும் புரொக்டர் கையைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு அவர் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழி என்ன?

நீங்கள் அங்கே மண்டியில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டுப் பெண்ணின் மானத்தைக் காக்கிறீர்கள். இங்கே கூண்டில் நிற்கப்போகிறவன் உங்கள் தங்கை புருஷன். உள்ளே போனால் வெளியே வருகிற அன்றைக்கே கப்பல். இருபது வருஷக் கடை. அழகிக்கு நீங்கள் பதில் சொல்வீர்களா? புரொக்டரை அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் எழுதுங்கள்.

வெள்ளைச்சாமி


கீரமங்கலம்
22-7-1959

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஒரே வார்த்தையில் எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கப் படியுங்கள்.

திருச்சியில் நல்ல வக்கீலைப் பார்த்தேன். தந்திச் சட்டம் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறதாம். ஊருக்கே ஆபத்து, பொதுமக்கள் பாதுகாப்புக்குக் கேடு என்று வந்தால் சர்க்காரோ, சர்க்கார் அதற்கென்று அதிகாரம் கொடுத்த அதிகாரியோ உத்தரவு போட்டுத்தான் நடுவில் புகுந்து கேட்கலாம். ஒரு வட்டத்து இன்ஸ்பெக்டர் வாயால் சொல்வது உத்தரவு ஆகாது. வேற்று நாட்டுக்காரன் கேட்டுக்கொண்டான் என்பதற்காக இங்கே இருக்கிற சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. வக்கீல் இதைச் சொன்னபோது எனக்குத் தெம்பாக இருந்தது.

அந்தத் தெம்போடு இன்ஸ்பெக்டரிடம் போனேன். நாற்காலி போட்டார், காபி வாங்கித் தந்தார்.

"ஒங்க மேல கேஸ் இல்லையே முதலாளி. ஒங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நீங்க எந்த உத்தரவுல கேட்டீங்க?"

"கேஸ் அங்கிட்டு நடக்குது. கேக்குறத அங்கிட்டுப் போயிக் கேளுங்க."

அங்கே கேட்டால் இங்கே என்கிறார்கள், இங்கே கேட்டால் அங்கே என்கிறார்கள். நடுவில் கடல்தான் இருக்கிறது. மீனிடமா போய்க் கேட்பது? காபியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அது போகட்டும். போன சந்தை நாளில் டீக்கடையில் நின்றேன். கான்ஸ்டபிள் ஒருவன், நான் பெயர் சொல்ல விரும்பவில்லை, எல்லாரும் கேட்கிற மாதிரி, "என்ன முதலாளி, நாலாம் மாசத்துல கலைஞ்சு போச்சாமே, ஒடம்பு தேறிருச்சா?" என்றான். கடையே சிரித்தது. பாதிப் பேருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது. மீதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. நீலப் பென்சில் அடித்ததை ஸ்டேஷனே வாசித்திருக்கிறது. அடித்தது கோர்ட்டுக்கு மட்டும்தான்.

சாயங்காலம் காத்தாயி மண்டிக்கு வந்தாள். யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை.

"மாமியாரு கேட்டுருச்சுண்ணே. ஆமான்னுட்டேன். இனிமே மறைக்க என்னா இருக்கு? அழகியக்கா வீட்டு அண்ணனுக்குக் கேஸாமே?"

எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

"கேக்கச் சொல்லுங்க. எனக்காகக் கத்துனவுக ஜெயிலுக்குப் போக வேணாம். எம் பேரு மட்டும் வேணாம்ணே."

"பேர் வராது ஆத்தா."

"இன்னொண்ணு. கோர்ட்டுல அதச் சொல்லப் போறாகன்னு மொதல்ல எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியணும். அன்னைக்குப் போன்ல அதக் கேட்டும் எனக்கு ஒரு ஆறுதல் வார்த்த சொல்லல அவுக. இருந்தாலும் ஊரான் வாயிலேருந்து தெரிய வேணாம். வெள்ளச்சாமியண்ணனே நேர்ல போயிச் சொல்லட்டும். இன்னொரு ஆளு வழியா வேணாம். ஆளு வழியாச் சொன்னதெல்லாம் போதும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். கேட்கச் சொல்லுங்கள். முதலில் ஐயனாரைப் பாருங்கள்.

சோலையப்பன்


கொழும்பு
3-8-1959

மச்சான் அவர்களுக்கு,

ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை என்று காத்தாயி சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

ஐயனாருக்கு அது தெரியாது. அன்றைக்கு என் கடை நிறைய ஆள். வெங்காயக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஒரு சிங்களக் கணக்கப்பிள்ளை. அத்தனை பேர் நடுவில் ஒரு பெண்ணின் சமாசாரத்தை நான் எப்படி உரக்கச் சொல்வேன்? "உடம்பு கொஞ்சம் சரியில்லையாம், தம்பி வருகிறானாம்" என்று மட்டும் சொன்னேன். தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் அதற்குள் துறைமுக வேலைக்கு ஓடிவிட்டான். அப்புறம் எனக்கும் வேலை.

போய்ச் சொல்கிறேன். இப்போது என் பின்னால் எப்போதும் ஒரு ஆள் வருகிறான். கடைக்கு எதிரே பீடி குடித்துக்கொண்டு நிற்கிறான். வேறு ஆளை அனுப்பினால் ஐயனாருக்கும் அவன் மச்சினனுக்கும் பத்திரம். ஆனால் அவள் வேண்டாம் என்றுவிட்டாளே. ஐயனாரிடம் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

வெள்ளைச்சாமி


கீரமங்கலம்
13-8-1959

மாப்பிள்ளை,

சொல்லிவிட்டேன். காத்தாயி என்னைத் திட்டவில்லை, உங்களையும் திட்டவில்லை. "அப்ப நான் சொன்னது யாருக்குத்தாண்ணே போய்ச் சேந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செல்லமுத்து, இன்ஸ்பெக்டர், டைப் அடித்தவன், ஸ்டேஷன் முழுக்க, டீக்கடை முழுக்க. புருஷனைத் தவிர எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அதே கூச்சத்தில்தான் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு கத்தினேன். கூச்சப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை, மாப்பிள்ளை. கூச்சப்பட வேண்டியவன் காபி வாங்கித் தருகிறான்.

போங்கள். சுற்றி வளைத்துப் போங்கள்.

சோலையப்பன்


கொழும்பு
30-8-1959

மச்சான் அவர்களுக்கு,

வழக்குத் தள்ளுபடி ஆகிவிட்டது. அழகிக்கு இப்போது சொல்லலாம். ஆனால் இனிப்பு எதுவும் வாங்க வேண்டாம். மீதியைப் படியுங்கள்.

பஸ் மாறி, டிராலி பஸ் மாறி, கோயிலுக்குள் புகுந்து பின்வாசலால் வெளியேறித்தான் ஐயனார் இருந்த இடத்துக்குப் போனேன். சரக்கு அடுக்குகிற கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மச்சினனை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னேன். ஐயனார் உலையில் போட்டிருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டாவது தடவ" என்றான். அப்புறம், "அவ சொன்ன அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா, நான் ரெண்டு வார்த்த சொல்லியிருப்பேன்ல முதலாளி?" என்றான்.

நான் எழுந்திருக்கும்போதே வெளியே சத்தம். இரண்டு பேர் மச்சினனைப் பிடித்து வைத்திருந்தார்கள். என்னைப் பின்தொடர்ந்தே வந்திருக்கிறார்கள். சோறு வடிப்பதற்குக்கூட விடவில்லை.

ஐயனார் ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லிவிட்டான்: "மன்னாருக்குப் போனது நான். முதலாளி கொரல் மட்டுந்தான் குடுத்தாரு." முதலாளியைக் காப்பாற்றக் கூலிக்காரன் பொய் சொல்கிறான் என்று போலீஸ் கோர்ட்டில் சொன்னது. அதனால் செல்லமுத்துவைக் கேட்கவேண்டி வந்தது. புரொக்டர் வேண்டிக்கொண்டதன் பேரில் மாஜிஸ்திரேட் வேடிக்கை பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பினார். அதற்கு மட்டும் அவருக்கு நன்றி. செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டு அந்த வரிகளைச் சொன்னான். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி அரசாங்க வக்கீலைப் பார்த்து, "இதைப் பேசியது மண்டி முதலாளிதான் என்று இன்னும் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். அத்தோடு முடிந்தது.

உத்தரவில்லாமல் கேட்டார்களே, நீலப் பென்சிலால் அடித்து அனுப்பினார்களே என்று புரொக்டர் ஆரம்பித்தார். "அது எனக்கு முன்னால் இருக்கிற கேள்வி அல்ல" என்று மாஜிஸ்திரேட் எழுந்துவிட்டார்.

ஐயனாரையும் மச்சினனையும் அனுப்பிவிட்டார்கள். மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்வார்கள். நான் தப்பித்தேன் என்று எனக்குத் தோன்றவில்லை, மச்சான். அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

வெள்ளைச்சாமி


கீரமங்கலம்
18-10-1959

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஐயனார் தேங்காய் உரிக்கப் போகிறான். அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அது ஒன்றாவது அவர்களோடு இருக்கட்டும்.

நீங்கள் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கணக்கை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. மெட்ராசுக்கு மேலதிகாரிகளுக்கு மனு எழுதினேன். யார் உத்தரவில் கேட்டார்கள், எந்தச் சட்டத்தில் அடுத்த நாட்டுக்குக் கொடுத்தார்கள், வழக்குக்குச் சம்பந்தமில்லாத குடும்பப் பேச்சை ஏன் கிழித்துப் போடாமல் ஸ்டேஷனில் வாசித்துச் சிரித்தார்கள் என்று மூன்றே கேள்வி. பதில் வந்தது. அந்த டெலிபோனில் எந்தப் பேச்சும் ஒருபோதும் கேட்கப்படவில்லையாம். நடக்காத ஒன்றுக்காக உங்களைப் பிடித்தார்கள். நடக்காத ஒன்றைச் சாட்சி சொல்லத்தான் செல்லமுத்துவைக் கப்பலில் கூட்டிப்போனார்கள். ஐயனாரைக் கப்பலில் ஏற்றி அனுப்பியது மட்டும் நிஜமாகவே நடந்தது.

பதிலைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு ஓடினேன். வக்கீல் படித்துவிட்டு, "கோர்ட்டுக்கே போகலாம். ஆனால் நீங்கள் போனால் நிற்காது. குரல் மட்டும்தான் உங்களுடையது. எந்தப் பேச்சைக் கேட்டு அவமானப்படுத்தினார்களோ அந்தப் பேச்சுக்காரர் கையெழுத்துப் போட்டால் பலமாக இருக்கும்" என்றார்.

ஐயனார் வீட்டுக்குப் போனேன். காத்தாயி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஐயனார் தூணோரம் நின்றான்.

"அதுல என்னா எழுதுவீகண்ணே?"

"நடந்ததை."

"அப்ப நான் சொன்னதையும் எழுதணும்ல?"

"எழுதித்தான் ஆகணும்."

"எத்தன பேரு படிப்பாக?"

விரல்விட்டு எண்ணினேன். வக்கீல், அவர் குமாஸ்தா, கோர்ட்டு குமாஸ்தா, எதிர் வக்கீல், ஜட்ஜு. அப்புறம் பத்திரிகைக்காரன் இருந்தால் அவனும்.

"வேணாம்ணே" என்றாள். "இனிமே ஒருத்தரு கூட அதப் படிக்க வேணாம்."

ஐயனாரைப் பார்த்தேன். அவனும் வேண்டாம் என்றே தலையை ஆட்டினான். வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? அவள் பேச்சு, அவள் உடம்பு. கோர்ட்டுக்கென்று எழுதி வைத்திருந்த மனுவை அங்கேயே கிழித்தேன். அடித்தவனைக் கேட்க வேண்டுமென்றால் அடிபட்டவள்தான் திரும்பவும் ஊர் நடுவில் வந்து காயத்தைக் காட்ட வேண்டும். இதுதான் நமக்கு இருக்கிற பாதுகாப்பு.

மண்டிக்குத் திரும்பினால் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணமாம், நல்ல முழு முந்திரியாக வேண்டுமாம். "மனசுல எதையும் வெச்சுக்காதீங்க முதலாளி, அந்த ஊருக்காரங்க கேட்டாங்க, செஞ்சோம்" என்று கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரம் செய்கிறவன் வாசலுக்கு வந்தவனைப் போகச் சொல்ல முடியாது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்கும் அதையேதான் செய்தேன். பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். நல்ல பருப்பாகப் பொறுக்கி எடைபோட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இன்னும் நாறுகிறது, மாப்பிள்ளை.

சோலையப்பன்